லேண்ட்மாஸ்டரைத் தந்த மனிதர்



வெள்ளாமைக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கும் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் 'லேண்ட்மாஸ்டர்' என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தெருவையே அதிரவைத்துக்கொண்டு வட்டைக்குப் போகும் இரண்டு சில்லு மெசின் அது. பின்னால் பெட்டியைப் பூட்டிவிட்டால் நெல்மூட்டை ஏற்றும், கல்யாண வீட்டுக்கு விறகு ஏற்றும், நோயாளியைக்கூட ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும். அதன் நெற்றியில் எந்தக் கம்பனியின் பெயர் எழுதியிருந்தாலும் நம்மவர்கள் அதை லேண்ட்மாஸ்டர் என்றே அழைப்பார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் நமது நாட்டு மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் முப்பது வயதைக் கடந்த பிறகே அறிந்துகொண்டேன். அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தபோது, லேண்ட்மாஸ்டர் அவருடைய வாழ்க்கையில் ஓர் அத்தியாயம் மட்டுமே என்பது தெரிந்தது. அடுத்த அத்தியாயத்தில் அவர் செய்த காரியம்தான் என்னை இதை எழுதத் தூண்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்னாரின் பெயர் பிலிப் ரேவத விஜேவர்தன. நாடறிந்த பெயர் ரே விஜேவர்தன. 1924 ஓகஸ்ட் 20ஆம் திகதி கொழும்பில் வசதி படைத்த குடும்பமொன்றில் பிறந்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், பீற்றர்ஹவுஸ் என்னும் பழம்பெரும் கல்லூரியில் பொறியியல் படித்தார். விமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல், விவசாயப் பொறியியல் ஆகிய மூன்றிலும் அவருக்குப் பயிற்சி இருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் வர்த்தக நிர்வாகமும் கற்றார். இவ்வளவு படித்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? கொழும்பில் ஒரு காரியாலயமும் கழுத்துப்பட்டியும் காருமாக இருந்திருக்க வேண்டும். இவரோ எவரேனும் தொழில் கேட்டால் தன்னை ஒரு விவசாயி, ஒரு மெக்கானிக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்வாராம். அதில் பொய்யில்லை. கையில் எப்போதும் சேறோ கிறீஸோ ஒட்டியிருந்த மனிதர் அவர்.

1950களில் நமது வயல்களில் எருமையும் மாடும்தான் உழுதன. நான்கு சில்லு ட்ரெக்டர்கள் வந்திருந்தன என்றாலும் அவை பெரிய நிலக்காரர்களுக்கே எட்டின. சிறு துண்டு வயல்களில் வரம்புக்கு வரம்பு திரும்புவதற்குள் நாள் போய்விடும், சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்க ஊரே வேண்டும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஏழை விவசாயிக்கு ஏற்ற மெசின் எது என்று ரே சிந்தித்தார். முன்னால் சிறிய எஞ்சின், கீழே இரண்டு சில்லு, பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கைபிடி. வெப்ப வலய நாடுகளின் சிறு விவசாயிக்காகவே 1955 அளவில் அவர் வடிவமைத்த இந்த இயந்திரம் இங்கிலாந்தில் லேண்ட்மாஸ்டர் என்ற பெயரில் உற்பத்தியாகி, பல நாடுகளில் விற்பனையானது. முப்பது வயதை ஒட்டிய இளைஞருக்கு அது எப்பேர்ப்பட்ட வெற்றி!

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

எனக்கு ஆறேழு வயதிருக்கும். எங்கள் வாப்பாவிடம் நான்கு சோடி எருமைகள் இருந்தன. ஒரு போகம் நல்ல விளைச்சல் கிடைத்தபோது, வாப்பா அவற்றை விற்று, மேற்கொண்டு கடனும் பட்டு ஒரு லேண்ட்மாஸ்டர் வாங்கினார். மெசின் வாசலில் வந்து நின்ற அன்று எங்களுக்குப் பெருநாள்தான். நானும் நானாமாரும் அதன் மீது ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். உம்மா மட்டும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. அந்த எருமைகளின் பாலில்தான் அவர் தயிர் போட்டு விற்று, ராத்தாவின் காதுக்கும் கழுத்துக்கும் பொட்டுப் பொட்டாகச் சேர்த்திருந்தார். அந்த வருமானம் உம்மாவின் கைக்குரியது. மெசினின் வருமானம் வாப்பாவின் கைக்குப் போனது. அதிலும் பாதி டீசலுக்கும் உதிரிப்பாகத்துக்கும் போனது. சட்டியும் தயிர் முட்டியும் கொல்லையில் கவிழ்ந்து கிடந்ததை நான் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இனி ரே அவர்களின் கதைக்கு வருவோம்.

லேண்ட்மாஸ்டர் புகழ்பெற்றிருந்த காலத்தில் அவர் ஹார்வர்டில் தமது இயந்திரத்தைப் பற்றி உரையாற்றினார். சபையில் பக்மின்ஸ்டர் புல்லர் இருந்தார். கோளவடிவக் கூடாரங்களை வடிவமைத்து உலகப் புகழ் பெற்ற அமெரிக்க அறிஞர் அவர். உரை முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் விவசாயத்தை இயந்திரமயமாக்கினீர்களா, அல்லது எருமையை மட்டும் இயந்திரமாக்கினீர்களா என்பதே அக்கேள்வியின் சாரம். அந்தக் கேள்வி தம்மை உலுக்கிவிட்டதாகவும், தாம் செய்தது எருமையை இயந்திரமாக்கியது மாத்திரமே என்பதை அப்போது உணர்ந்ததாகவும் ரே பிற்காலத்தில் ஒளிவு மறைவின்றிச் சொல்லி வந்தார்.

சகோதரிகளே, நான் அறபு இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன். ஸர்ஃப் பாடத்தில் ஒரு விதியை நான் பல வருடங்களாகப் பிழையாகச் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு மாணவன் கிதாபைத் திறந்து காட்டினான். "ஆம், நான் சொன்னது பிழை" என்று வகுப்பில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதுவும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதி விழுங்கித்தான் சொன்னேன். நாற்பது மாணவர்களுக்கு முன்னால் ஒரு விதியைத் திருத்துவதற்கே இந்தப் பாடு. தமது பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற கண்டுபிடிப்பைப் பற்றி, அது இன்னும் விற்பனையாகிக்கொண்டிருக்கும் போதே, "நான் பிழையான திசையில் போய்விட்டேன்" என்று சொல்வதற்கு எப்படிப்பட்ட நெஞ்சம் வேண்டும்! வானில் பறந்ததையும் கடலில் ஓடியதையும் விட இதையே நான் அவருடைய பெரிய துணிகரம் என்பேன்.

அவர் உணர்ந்தது என்ன? உழவு என்பது எதற்காக என்று அடியிலிருந்து யோசித்தார். ஐரோப்பாவில் பனிக்காலம் முடிந்ததும் மண் குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும். அதைப் புரட்டி வெயிலில் காட்டிச் சூடேற்ற வேண்டியது அங்கே அவசியம். நமது நாட்டில் மண் குளிரால் விறைப்பதில்லை. இங்கே உழவின் பெரிய பயன் களையை அடக்குவதுதான். அதற்காக மண்ணைக் கிளறித் திறந்து போட்டுவிட்டு, அடுத்த வாரமே கொட்டும் மாரி மழைக்கு அதைப் பலி கொடுக்கிறோம். குளிர்நாட்டு மழை போன்றதல்லவே நம் மழை! அறைந்தல்லவா பெய்கிறது! மூடியில்லாத மேட்டுநில மண் அந்த அறையில் கரைந்து ஓடையில் போய்ச் சேருகிறது. ஆயிரம் வருடம் சேர்ந்த மேல்மண் சில போகங்களில் போய்விடும்.

எருமையின் கணக்கையும் அவர் மறக்கவில்லை. எருமைக்கு எரிபொருள் புல். அது சாணம் தரும், பால் தரும். தனக்குப் பதிலாக வேலை செய்ய இன்னொரு எருமையையும் ஈன்று தரும். எந்த மெசின் குட்டி போட்டிருக்கிறது?

நான் இந்தக் கதையைச் சென்ற வருடம் உம்மாவிடம் சொன்னேன். எழுபது தாண்டிவிட்டது அவருக்கு. வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டார். "அந்த மனுசன் இத அண்டைக்கே வந்து உங்கட வாப்பாட்ட சொல்லியிருந்தா என்ன மகன்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

ஆனால் வாப்பாவையும் குறை சொல்ல முடியாது. எருமைக்கு மேய்ச்சல் தரை வேண்டும். அது எங்கள் ஊரில் ஏற்கனவே சுருங்கிவிட்டிருந்தது. எருமையின் பின்னால் சேற்றில் நாள் முழுக்க நடந்தவருக்குத்தான் அந்த உழைப்பின் வலி தெரியும். தவிர, நெல் வயலுக்குச் சேற்றுழவு வேண்டும் என்பதும், மேட்டுநிலப் பயிரின் கதை வேறு என்பதும் விவசாயிகள் அறிந்ததே. ரே அவர்களின் பிற்காலச் சிந்தனை பெரும்பாலும் மேட்டுநிலத்தையும் சரிவு நிலத்தையும் பற்றியது. அவர் சொன்ன அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பதல்ல என் எண்ணம்.

பிழை என்று கண்டபின் அவர் வீட்டில் உட்கார்ந்து வருந்திக்கொண்டிருக்கவில்லை. பெட்டியைக் கட்டினார். மலேசியாவில் பணியாற்றினார். பின்னர் ஆபிரிக்காவுக்குச் சென்று, நைஜீரியாவின் இபாதான் நகரில் 1967இல் நிறுவப்பட்ட சர்வதேச வெப்பவலய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயப் பொறியியல் துறைக்குத் தலைமை தாங்கினார். பிற்காலத்தில், 2020இல், உலக உணவுப் பரிசு பெற்ற மண்ணியல் அறிஞர் ரத்தன் லால் அவர்களும் அந்நாட்களில் அங்கேதான் உழாமல் பயிர் செய்வது பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மண்ணைப் புரட்டாமல், பழைய பயிரின் தட்டையையும் சருகையும் போர்வையாக அப்படியே விட்டு, அதனூடே விதையை மட்டும் மண்ணுக்குள் இறக்கினால் மண் பிழைக்கும் என்று அந்த ஆய்வுகள் காட்டின.

சரி, போர்வைக்கு அடியில் விதையை எப்படி இறக்குவது? இங்கேதான் நமது மெக்கானிக்கின் கைவண்ணம். ஆபிரிக்கக் கிராமங்களில் விதைப்பதும் களை பிடுங்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, குட்டைப்பிடி மண்வெட்டியோடு நாள் முழுக்கக் குனிந்து நிற்பார்கள். ரே ஒரு கைவண்டிச் சில்லைப் போன்ற கருவியை உருவாக்கினார். சில்லின் விளிம்பைச் சுற்றிலும் குருவியின் அலகு போன்ற கூர்முனைகள். சில்லைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு அலகாகச் சருகைக் குத்தி மண்ணுக்குள் இறங்கும், இறங்கியதும் அலகு திறக்கும், விதை விழும், சில்லு உருளும். எஞ்சின் இல்லை, டீசல் இல்லை. நிமிர்ந்து நடந்தால் போதும். லேண்ட்மாஸ்டர் செய்தவர் அடுத்துச் செய்தது தள்ளுவண்டி என்று சிலர் நகைத்திருக்கக்கூடும். நான் அந்தக் கருவியின் படத்தைப் பார்த்தபோது கொல்லையில் கவிழ்ந்து கிடந்த தயிர் முட்டியை நினைத்தேன்.

இதில் ஒரு குறையும் இருந்தது. உழாவிட்டால் களை வளரும். அதற்கு அக்காலத்தில் களைநாசினியையே நம்பினார்கள். மருந்தைச் சிக்கனமாகத் தெளிக்கும் சிறு கருவிகளும் அவரது பட்டறையில் உருவாயின. எனினும் கடையில் வாங்கும் மருந்தை நம்பியிருப்பதும் ஒருவகையில் டீசலை நம்பியிருப்பதுதானே. ஆகவே மரங்களின் நிழலாலும் இலைப்போர்வையாலும் களையை அடக்கும் வழியையும் அவர் நாடினார். இந்த அனுபவங்களையெல்லாம் தொகுத்து, ஈரவலயச் சிறு விவசாயிகளுக்கான மண் பாதுகாப்பு விவசாயம் குறித்து இன்னொரு இலங்கை அறிஞரான பராக்கிரம வைத்யநாதவுடன் சேர்ந்து 1984இல் ஒரு நூலையும் வெளியிட்டார்.

இவ்வளவையும் வாசித்து, இவர் வயலே கதியென்று கிடந்தவர் என நினைத்துவிடாதீர்கள். பாய்மரப் படகோட்டுவதில் அவர் பெரும் பிரியர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் நமது நாட்டுக்காகப் படகோட்டினார். படகுப் போட்டிகள் தலைநகரில் அல்ல, பசுபிக் கரையிலுள்ள அகாபுல்கோவில் நடந்தன. அப்போது அவருக்கு வயது 44. அந்த வயதில் நம்மில் பலர் படியேறவே கைப்பிடியைத் தேடுகிறோம், நான் உட்பட! இரண்டு வருடங்களின் பின், 1970இல், பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகோட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். நாடு அப்போது சிலோன் என்ற பெயரிலேயே இருந்தது.

வானமும் அவரை விடவில்லை. சாதாரண விமானம், ஹெலிகொப்டர், ஓட்டோஜைரோ மூன்றையும் ஓட்டும் தகுதி பெற்றவர் அவர். ஓட்டோஜைரோ என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பார்வைக்குச் சிறு ஹெலிகொப்டர் போலிருக்கும். ஆனால் தலைக்கு மேல் சுழலும் இறக்கையை எஞ்சின் சுழற்றுவதில்லை. பின்னாலுள்ள சிறு விசிறி வண்டியை முன்னே தள்ள, எதிரே வரும் காற்றே மேல் இறக்கையைச் சுழற்றித் தூக்கிப் பிடிக்கிறது. குழந்தைகள் ஓலையில் காற்றாடி செய்து கையில் பிடித்து ஓடுவார்களே, ஏறத்தாழ அந்த வித்தைதான். வெளிநாட்டிலிருந்து ஆயத்த விமானம் வாங்க வசதியிருந்தும், இலகுரக விமானங்களைத் தம் கையாலேயே செய்து தாமே ஓட்டிப் பார்த்தார். வேறொருவரை ஏற்றிப் பரீட்சிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய மனைவியையும் மூன்று புதல்வியரையும் நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் தானே செய்த விமானத்தில் தானே ஏறிப் பறக்கும் வீட்டில் பெண்கள் எப்படி நிம்மதியாகச் சோறாக்கியிருப்பார்கள்? அப்புதல்வியரில் ஒருவரான அனோமா விஜேவர்தன நாடறிந்த ஓவியர்.

நாடு திரும்பிய பின் சிலாபத்துக்கு அருகே காக்கப்பள்ளியிலுள்ள தமது தென்னந்தோட்டத்தையே அவர் பரிசோதனைச் சாலையாக்கிக்கொண்டார். அங்கே அவர் கைக்கொண்ட ஆயுதம், நீங்களும் நானும் வேலியில் நட்டுவிட்டு மறந்துபோகும் மரம்தான். கிளிசீரியா. தென்னைகளுக்கிடையே அதை வரிசை வரிசையாக நட்டார். அதன் இலையில் தழைச்சத்து நிறைய உண்டு. வெட்டி மண்ணில் போட்டால் யூரியா மூட்டையின் வேலையில் ஒரு பங்கை அது செய்யும். ஆடு மாட்டுக்கும் தீனி. தடியை எரித்து மின்சாரமே எடுக்கலாம் என்று அவர் பேச்சோடு நில்லாமல் தோட்டத்தில் செய்தும் காட்டினார். நிலக்கரியையும் எண்ணெயையும் கப்பலில் வரவழைத்து விளக்கேற்றும் நாடு, மழையும் வெயிலும் தாராளமாக உள்ள தன் மண்ணில் விறகை வளர்த்து விளக்கேற்றலாமே என்பது அவரது வாதம். தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிசீரியாவை அரசாங்கம் 2005இல் அறிவித்தது. அறிவித்த வேகத்தில் காரியங்கள் நடந்தனவா என்பதை உங்கள் வீட்டு மின்சாரப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தி, நமது விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அப்போது சிலர் இத்தகைய முன்னோடிகளின் பெயர்களையும் துணைக்கு அழைத்தார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. ரே தமது சொந்த நிலத்தில், சொந்தச் செலவில், பல வருடங்கள் மரத்தை நட்டு வெட்டிப் பார்த்த பின்னரே பிறருக்குச் சொன்னார். கட்டளை போட்டவரல்லர்.

2002இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். அவருக்கு முன் அந்த ஆசனத்தில் நீண்டகாலம் இருந்தவர் ஆர்தர் சி. கிளார்க். 2007 வரை ரே அப்பதவியில் இருந்தார். வித்யா ஜோதி, தேசமான்ய ஆகிய தேசிய விருதுகளும் அவரைத் தேடி வந்தன. 2010 ஓகஸ்ட் 18ஆம் திகதி, 86ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், அன்னார் காலமானார்.

இப்போது என் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். மாரி தொடங்கும் நாட்களில் கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத கிளிசீரியாத் தடிகளை வெட்டி, வேலியோரம் முழங்கையளவு இடைவெளி விட்டு ஊன்றுங்கள். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும். நன்கு கிளைத்த பின் இடுப்பளவில் வெட்டுங்கள், மீண்டும் துளிர்க்கும். இலையைத் தென்னை அடியிலும் மரக்கறிப் பாத்தியிலும் மண் தெரியாதபடி பரப்புங்கள். தடியைக் காயவைத்தால் அடுப்புக்கு ஆகும். எங்கள் வீட்டில் உம்மா சொல்லி நட்ட வேலி இது மூன்றாம் வருடம். ஆடு இரண்டு இருக்கிறது. எருமை வாங்கித் தரும்படி கேட்கிறார், இடத்துக்கு எங்கே போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.